வீட்டுப் பட்டறைக்கு லேத் வாங்குவதா, வேலையை வெளியே கொடுப்பதா? திருகோணமலைக்காரருக்கு ஓர் ஒப்பீடு

திருக்கடலூரில் வள்ளத்து இஞ்சினைத் தானே கழற்றிப் பூட்டுபவர் இருக்கிறார். தம்பலகாமத்தில் லேண்ட் மாஸ்டரும் இரண்டு நீர்ப்பம்பும் வைத்திருக்கும் கமக்காரர் இருக்கிறார். உப்புவெளியில் ஓய்வுபெற்ற கையோடு வீட்டுக் கொல்லையில் தகரம் போட்டுச் சின்னதாய் ஒரு பட்டறை அமைத்தவரும் இருக்கிறார். ஸ்பானர் செட், கிரைண்டர், கைட்றில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகு இவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள்: சொந்தமாக ஒரு லேத், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம், வாங்கலாமா?

வழிகள் மூன்று. லேத் வாங்காமல் நல்ல வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிப்பது), மேசை ட்றில், டாப் செட் (துளைக்குள் புரி வெட்டுவது) ஆகியவற்றோடு நின்று, கடைசல் வேலையை ஊரிலுள்ள லேத் பட்டறைக்குக் கொடுப்பது முதல் வழி. மேசையில் வைக்கும் புதிய சீனச் சிறு லேத்தை வாங்குவது இரண்டாவது. எங்காவது மூடிக்கிடக்கும் பட்டறையிலிருந்து பழைய பெரிய லேத் ஒன்றைப் பிடிப்பது மூன்றாவது. இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளின் கராஜை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் ஊரில் கணக்கு வேறு. இங்கே இரண்டு விஷயங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஒன்று உப்புக்காற்று, மற்றது கொழும்புக்கு உள்ள 260 கிலோமீற்றர் தூரம்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். திருமலையில் எந்த இயந்திரத்தை வாங்கினாலும் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். துரு பிடிக்காமல் இதைக் காப்பாற்ற என்னால் முடியுமா? இதில் ஒரு பாகம் உடைந்தால் இந்த ஊரிலேயே அதைச் செய்ய முடியுமா? விலையையும் வேகத்தையும் பளபளப்பையும் அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

உப்புக்காற்று செய்யும் வேலை

திருமலை நகரத்துக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் டச் பே. எங்கே பட்டறை போட்டாலும் கடல் கூப்பிடு தூரத்தில்தான். கடற்காற்றில் வரும் உப்புத்தூள் இரும்பின் மேல் படிகிறது. சாப்பாட்டு உப்பு மட்டும் என்றால் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போதுதான் அது நீரை இழுத்துக் கரையும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது 33 வீத ஈரப்பதனிலேயே நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே கடலுப்புப் படிந்த இரும்பு நம் ஊரில் ஒருநாளும் முழுதாகக் காய்வதில்லை. கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும்.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மேற்கேயிருந்து, தரைப்பக்கமிருந்து, சூடாக வீசும். அந்த மாதங்களில் இயந்திரங்களுக்கு ஓரளவு நிம்மதி. வாடை தொடங்கியதும் காற்று நேரே கடலிலிருந்து வருகிறது, கூடவே மழையும். அந்தக் காலத்தில் இன்னொரு சிக்கல் சேரும். பாரமான வார்ப்பிரும்பு இரவில் குளிர்ந்தால் காலையில் மெதுவாகத்தான் சூடேறும். காலைக் காற்று அதற்கு முன்பே சூடாகி, ஈரத்தோடு வந்து அந்தக் குளிர்ந்த இரும்பில் பட்டால் பனித்துளி போல நீர் கட்டும். முதல் நாள் மாலை துடைத்து வைத்த பெட் (லேத்தின் நீண்ட அடித்தளம்) மறுநாள் காலை செம்மஞ்சளாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்கு மலிவான மருந்து கொஞ்சம் சூடு. இயந்திரத்தின் அடியில் பழைய குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு, மேலே பருத்தித் துணியால் மூடுங்கள். 25 பாகையில் 90 வீத ஈரப்பதனுள்ள காற்றை 4 பாகை சூடாக்கினால் ஈரப்பதன் ஏறக்குறைய 71 வீதத்துக்கு இறங்கிவிடும். இரும்பும் காற்றைவிடச் சற்றுச் சூடாக இருப்பதால் நீர் கட்டாது. பல்ப் துணியில் தொடாதபடி கம்பிக்கூடு போட வேண்டும், அடியில் ஒயில் ஊறிய சீலை கிடக்கக் கூடாது. பொலித்தீனால் மூடுவது பலருடைய பழக்கம், ஆனால் அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பட்டறைக்குள் கழிவறை கழுவும் அசிட் போத்தலை வைக்கவே கூடாது. மூடி இறுக்கமாக இருந்தாலும் அதிலிருந்து கசியும் ஆவி ஓர் அறை முழுக்க இருக்கும் இரும்பைத் தின்றுவிடும்.

உப்புக்காற்றை வைத்துப் பார்த்தால் மூன்று வழிகளும் எங்கே நிற்கின்றன? முதல் வழியில் காப்பாற்ற வேண்டியது கொஞ்சம்தான். ஒரு அலுமாரி, ஒரு பல்ப் போதும். சிறு லேத்தின் இரும்பு கொஞ்சம், ஒரு பெட்டியாலேயே மூடிவிடலாம். ஆனால் அதன் உயிர் ஹெட்ஸ்டொக்கின் (வேலைத்துண்டைச் சுழற்றும் தலைப்பகுதி) முன்னால் இருக்கும் மின்னணு போர்டில் இருக்கிறது. உப்பு ஈரமும் இரும்புத்தூளும் சேர்ந்து அந்தப் போர்டில் படிந்தால் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். பழைய பெரிய லேத்தில் துடைக்க வேண்டிய பரப்பு அதிகம், தினம் ஒயில் கேட்கும். ஆனால் அதில் பிடிக்கும் துருவைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தேய்த்தும் எடுக்கலாம்.

உங்களிடம் வரும் வேலை எது?

இந்தக் கேள்வியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். லேத் வேண்டும் என்று நினைக்க வைக்கும் பழுதுகளில் பெரும்பகுதிக்கு லேத் தேவையே இல்லை. நம் ஊரில் அடிக்கடி வரும் வேலைகளை யோசித்துப் பாருங்கள். இறுகிப்போன போல்ட், தேய்ந்த புரி, முறிந்த ஸ்டட் (தலையில்லாத போல்ட்). இவை மூன்றுக்கும் வேண்டியது நல்ல ட்றில், கூரான பிட், சரியான டாப், அதற்கெல்லாம் மேலாகப் பொறுமை.

வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்ட் இஞ்சினின் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொள்வோம். உடல் அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ். கடல்நீர் இடையில் புகுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பற்றறி போல வேலை செய்யும், அதில் அரிபடுவது அலுமினியம். அரிந்த வெள்ளைப் பொடி புரிக்குள் அடைந்து போல்ட்டை இறுக்கிவிடும். ஸ்பானரில் குழாய் மாட்டி இழுத்தால் போல்ட் தலை கையோடு வரும். அதற்குப் பதில் போல்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அலுமினியம் ஸ்டெயின்லெஸை விட அதிகம் விரியும், ஒரே அளவு சூட்டுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக. சூடு, ஊடுருவும் ஒயில், மெல்லிய தட்டல், மறுபடி சூடு என்று அரைநாள் எடுத்தாலும் பரவாயில்லை. ஒயில் பூசியவுடன் நெருப்பைக் காட்டாமல் துடைத்துவிட்டுச் சூடாக்குங்கள். ஹீட் கன் இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியும் முறிந்துவிட்டால் ட்றில்தான். இங்கேதான் மேசை ட்றில்லின் அருமை தெரியும், வாங்கும்போது கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். எல்லோரும் மோட்டர் எத்தனை குதிரைவலு என்று கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அதன் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்பதை. ஸ்டெயின்லெஸுக்குச் சாதாரண ஹைஸ்பீட் பிட்டின் விளிம்பு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 12 மீற்றர் இருக்கலாம். 8 மி.மீ. பிட்டுக்கு அது நிமிடத்துக்கு 480 சுற்று அளவில் வரும். மெல்லிரும்பு என்றால் இதன் இரண்டு மடங்கு ஓடலாம். மலிவான மேசை ட்றில்கள் சிலவற்றின் மிகக் குறைந்த வேகமே 500, 600 சுற்று. அதில் 10 மி.மீ. பிட்டைப் போட்டு ஸ்டெயின்லெஸைத் தொட்டால் பிட் உரசி உரசி, அந்த இடத்தை இன்னும் கடினமாக்கிவிட்டுக் கருகும். ஸ்டெயின்லெஸில் வேகம் குறைவாகவும் அழுத்தம் நிறைவாகவும் இருக்க வேண்டும், பிட் வெட்டிக்கொண்டே போக வேண்டும், நடுவில் நின்று உரச விடக் கூடாது. இடதுபக்கம் சுற்றும் பிட்கள் கிடைத்தால் ஒரு செட் வாங்கி வையுங்கள். துளைக்கும்போதே முறிந்த துண்டு சிலவேளை தானாகக் கழன்று வரும்.

புரி தேய்ந்திருந்தால் கம்பிச்சுருள் செட் போதும். அதற்குரிய பிட்டும் டாப்பும் செட்டோடு வரும், துளைத்து, புரி வெட்டி, சுருளை ஏற்றினால் பழைய போல்ட் அளவிலேயே பூட்டலாம். எம் 6, எம் 8, ஸ்பார்க் பிளக்குக்கு உரிய 14 மி.மீ. ஆகிய மூன்று அளவும் இருந்தால் மோட்டார் சைக்கிள், வள்ளத்து இஞ்சின் இரண்டிலும் வரும் புரி வேலைகளில் பெரும்பங்கு முடிந்துவிடும். திரும்பப் பூட்டும்போது செப்புத்தூள் கலந்த பசையை அலுமினியத்தில் பூசாதீர்கள். கடல்நீரில் செம்பு அலுமினியத்தை இன்னும் வேகமாக அரிக்க வைக்கும். லானோலின் கிறீஸ் அல்லது கடல் பாவனைக்கென்று வரும் கிறீஸ் நல்லது.

பழைய இயந்திரங்களில் ஒரு கவனம் வேண்டும். லிஸ்டர் டீசல் இஞ்சின் போன்றவற்றில் அங்குலப் புரிதான். விட்வொர்த் புரியின் கோணம் 55 பாகை, அமெரிக்க அங்குலப் புரிக்கும் மெட்ரிக்குக்கும் 60 பாகை. எட்டில் மூன்று அங்குலப் போல்டில் விட்வொர்த்தும் அமெரிக்கப் புரியும் அங்குலத்துக்கு 16 என்பதால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், ஆனால் சரியாக உட்காராது. அரை அங்குலத்தில் 12க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் புரியையே கெடுத்துவிடும். புரி அளவு பார்க்கும் தகட்டுச் செட் ஒன்று மலிவுதான், கட்டாயம் வாங்குங்கள்.

லேத் உண்மையிலேயே வேண்டிய வேலைகள் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் வளையம்) கடைவது, ஷாஃப்டை (சுழலும் தண்டு) சீராக்குவது, பம்பு ஷாஃப்டுக்கு ஸ்லீவ் (மேலுறை) போடுவது, பழைய புல்லியைப் புதிய மோட்டருக்குத் துளை பெரிதாக்குவது போன்றவை. இவை உங்களிடம் எத்தனை தரம் வருகின்றன என்று ஒரு வருடம் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியை விட நல்ல ஆலோசகர் கிடையாது.

வெளியே கொடுப்பது

இது தோற்றவர் எடுக்கும் வழி இல்லை. பலருக்கு இதுவே சரியான வழி, வள்ளத்தில் அவுட்போர்ட் மட்டும் வைத்திருப்பவருக்குக் கட்டாயம் இதுதான். நகரத்திலும் கிண்ணியாப் பக்கமும் கைதேர்ந்த லேத் பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்களின் கையில் உள்ள பழக்கம் நம் பணத்துக்கு வாங்க முடியாத ஒன்று.

ஆனால் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் நாம் சொல்லும் விதத்தால்தான். தேய்ந்த புஷ்ஷைக் கையில் கொடுத்து "இது மாதிரி ஒண்டு கடைஞ்சு தாங்கோ நானா" என்றால் அவர் தேய்ந்த அளவுக்கே கடைந்து தருவார். ஷாஃப்டையும், புஷ் இறங்கும் வீட்டையும் (அது உட்காரும் துளையுள்ள பாகம்) சேர்த்துக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் இரண்டையும் நீங்களே அளந்து ஒரு தாளில் படம் போட்டு, எந்த அளவு இறுக்கம், எந்த அளவு தளர்வு என்று எழுதுங்கள். 30 மி.மீ. வெளிவிட்டமுள்ள வெண்கலப் புஷ் இறுக்கமாக இறங்க 0.03 மி.மீ. அளவு கூடுதலாக இருக்க வேண்டும். அடித்து இறக்கியதும் உள்துளை சற்றுச் சுருங்கும். அதனால் உள்துளையைக் கொஞ்சம் விட்டுக் கடைந்து, இறக்கிய பிறகு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட்டு முடிக்கச் சொல்லுங்கள்.

என்ன உலோகம் என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள். பித்தளை கடலில் நிற்காது. அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேற, மிஞ்சுவது செந்நிறமான, நுரைத்த, நொறுங்கும் செம்பு. கடல்நீர் படும் இடத்துக்குக் கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) அல்லது பொஸ்பர் வெண்கலம் கேளுங்கள். நைலோன் புஷ் மலிவு, சத்தமும் குறைவு. ஆனால் சாதாரண நைலோன் தண்ணீரில் கிடந்தால் நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதம் வீங்கும். இறுக்கமாக வீட்டுக்குள் அடித்த புஷ் வெளியே வீங்க முடியாது, உள்ளுக்குத்தான் வீங்கி ஷாஃப்டைப் பிடிக்கும். நைலோன்தான் வேண்டுமென்றால் தளர்வைக் கூட்டிக் கடையச் சொல்லுங்கள். அசிட்டல் (ஒருவகைக் கடின பிளாஸ்டிக்) கம்பி கிடைத்தால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இந்த வழியின் உண்மையான குறை நேரம். வள்ளங்கள் கடலுக்குப் போகும் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், உங்கள் சின்னப் புஷ் மூலையில் கிடக்கும். சின்ன வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் கொண்டுபோனால் அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம்.

புதிய சிறு லேத்

பெட்டுக்கு மேல் 180 மி.மீ. விட்டம், இரண்டு முனைக்கும் இடையில் 350 மி.மீ. நீளம். சந்தையில் அதிகம் கிடைக்கும் சீனச் சிறு லேத்தின் அளவு இதுதான். நாற்பது கிலோ அளவில் பாரம், இரண்டு பேர் தூக்கி மேசையில் வைக்கலாம், வீட்டு 230 வோல்ட் கரண்டில் ஓடும், வேகத்தை ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கலாம். மாடிவீட்டில் இருப்பவருக்கும், வாடகை வீட்டில் இருந்து எப்போது வேண்டுமானாலும் கிளம்ப வேண்டியவருக்கும் இதைத் தவிர வேறு வழியில்லை. தையல் மெஷின் பாகம், சின்னப் புல்லி, ஸ்பேசர், மீன்பிடி ரீல் பாகம் போன்றவற்றை இது நன்றாகவே செய்யும். கடைசல் பழகவும் நல்லது.

ஆனால் அளவுகளைக் கவனமாகப் படியுங்கள். 350 மி.மீ. என்பது இரண்டு முனைக்கும் இடையில் உள்ள நீளம். ஒரு பக்கம் வேலைத்துண்டைப் பிடிக்கும் சக், மறுபக்கம் ட்றில் சக், அதில் ஒரு பிட் என்று பூட்டினால் மிஞ்சுவது பாதிதான். இன்னும் முக்கியமானது சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் துளை, 20 மி.மீ. மட்டுமே. உள்ளிணைந்த இஞ்சின் வள்ளத்தின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 25 மி.மீ. என்றால் அது ஹெட்ஸ்டொக்கின் ஊடாகப் போகாது. நீளமான ஷாஃப்டின் நுனியில் புரி வெட்ட வேண்டுமானால் இந்த இயந்திரத்தால் முடியாது. (காணொளிகளில் புகழப்படும் பழைய பிரித்தானிய மைஃபோர்ட் எம்.எல்.7க்கும் இதே சிக்கல். 1946இல் வந்த அருமையான இயந்திரம்தான், ஆனால் அதன் துளை 15 மி.மீ. அளவுதான். அதைத் தேடி அலையாதீர்கள்.)

வாங்கி வந்ததும் உடனே ஓட்டாதீர்கள். கப்பலில் துரு பிடிக்காமல் பூசிய பசையை மண்ணெண்ணெயால் முழுதாகக் கழுவி எடுங்கள், சிலவற்றில் வார்ப்பு மணல்கூட மூலைகளில் இருக்கும். சறுக்கும் பாகங்களின் ஜிப்களை (தளர்வைச் சரிசெய்யும் தகடுகள்) நீங்களே சரிசெய்ய வேண்டும். கார்பைட் முனை எல்லாவற்றையும் வெட்டும் என்று விற்பார்கள். இந்த அளவு பலமுள்ள இயந்திரத்துக்கு நன்றாகத் தீட்டிய ஹைஸ்பீட் ஸ்டீல்தான் ஏற்றது, இரும்பில் ஒரு வெட்டுக்கு அரை மி.மீ. ஆழம் போதும். அலுமினியம் வெட்டும்போது கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் முனையில் ஒட்டாது. பித்தளையும் வார்ப்பிரும்பும் உலர்ந்தே வெட்டலாம்.

உதிரிப்பாகம்தான் இந்த வழியின் பலவீனம். 2022இல் ரூபா சரிந்து இறக்குமதியும் இறுகியபோது, வெளியிலிருந்து வரவேண்டிய ஒரு சின்னப் பாகத்துக்காகக்கூட எத்தனை இயந்திரங்கள் நின்றன என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆகவே இயந்திரத்தை வாங்கும் அதே நாளில் ஒரு வேகப் போர்ட், ஒரு பெல்ட், பியூஸ்கள், உள்ளே பிளாஸ்டிக் கியர் இருந்தால் அதற்கு உலோகக் கியர் ஆகியவற்றையும் சேர்த்து வாங்குங்கள். போர்டின் மேல் மின்சுற்றுக்குப் பூசும் பாதுகாப்பு வார்னிஷை மெல்லியதாகப் பூசுவிக்கலாம், உப்பு ஈரத்துக்கு அது நல்ல தடுப்பு. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

பழைய பெரிய லேத்

நான் சாய்வது இந்தப் பக்கம்தான், இடமும் தளமும் உள்ளவருக்கு. நாலரை அடி, ஆறடி பெட் உள்ள பெல்ட் லேத்தில் உடையக்கூடியது எதுவென்றாலும் அதை இன்னொரு லேத்தில் செய்துவிடலாம். கிராஸ் ஸ்லைட் (வெட்டுமுனையைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) நட்டு, புஷ், பின், புல்லி எல்லாம் ஊரிலேயே முடியும். பெல்ட் தெருமுனைக் கடையில் கிடைக்கும். ஒரே வெட்டில் மூன்று மி.மீ. எடுத்தாலும் அசையாது.

ஆனால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் மயங்காதீர்கள். டயல் கேஜ் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) ஒன்றையும், 25 மி.மீ. இரும்புக் கம்பித் துண்டையும் கையில் கொண்டுபோங்கள். முதலில் பெட்டைப் பாருங்கள். தேய்வு எப்போதும் சக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும், வேலை அங்கேதான் நடந்திருக்கும். சாடிலை (வெட்டுமுனையைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் பாகம்) அந்த இடத்தில் வைத்துச் சற்று இறுக்கமாக ஓடும்படி சரிசெய்து, பிறகு மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக் பக்கம் தள்ளுங்கள். அங்கே போய் இறுகி நின்றால் சக் பக்கம் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சக்கில் கம்பியைப் பிடித்து, டயல் கேஜை மேலே வைத்து, கையால் மேலே தூக்கிப் பாருங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் பெயாரிங் கவனிப்புக் கேட்கிறது. அது சரிசெய்யும் வகையா, மாற்றும் வகையா என்று கேட்டு, விலையில் அதைப் பேசுங்கள். பின்பு அந்தக் கம்பியை நூறு மி.மீ. நீளம் டெயில்ஸ்டொக் உதவியில்லாமல் மெல்லியதாகக் கடைந்து இரண்டு நுனியையும் அளங்கள். வித்தியாசம் இரண்டு, மூன்று நூறிலொரு மி.மீ. என்றால் பழுது வேலைக்குத் தாராளம். கால் மணி நேரம் ஓடவிட்டு ஹெட்ஸ்டொக்கைத் தொட்டுப் பாருங்கள். கைபொறுக்காத சூடு என்றால் வாங்காதீர்கள்.

கைபிடியைச் சுற்றும்போது ஸ்லைட் நகராமல் கால் சுற்று வெற்று ஓட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஒரு நட்டு வேலை. பல் உடைந்த கியர், புரி அளவுக்கேற்ப மாற்றிப் போடும் கியர்கள் தொலைந்திருப்பது, ஒரேயொரு சக் மட்டும் இருப்பது ஆகியவைதான் பணத்தைத் தின்னும். லீட் ஸ்குரூ (புரி வெட்டும்போது சாடிலை நகர்த்தும் நீண்ட திருகு) அங்குலமா மெட்ரிக்கா என்று கேளுங்கள். அங்குல லேத்தில் மெட்ரிக் புரியைச் சரியாக வெட்ட 127 பல்லுள்ள கியர் வேண்டும். அது செட்டில் இருந்தால் பொன்னாக நினைத்து வாங்குங்கள். அந்த வெட்டில் சாடிலை லீட் ஸ்குரூவோடு இணைக்கும் அரைநட்டைத் திறக்காமல், மோட்டரைப் பின்னுக்குச் சுற்றித்தான் திரும்ப வர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கரண்ட்தான் அடுத்த தடை. பெரிய லேத்துகளில் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டர் இருக்கும், வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். மோட்டர் தகட்டில் 230/400 என்று இருந்தால் டெல்டா இணைப்பில், சிங்கிள் ஃபேஸை எடுத்து த்ரீ ஃபேஸ் தரும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றால் ஓட்டலாம், வேகத்தையும் மாற்றலாம். 400/690 என்று இருந்தால் அது சரிவராது. அந்தப் பெட்டிக்கும் மோட்டருக்கும் நடுவில் சுவிட்ச் போடக் கூடாது, பெட்டியை மூடியுள்ள அலுமாரியில் தூசி படாமல் வையுங்கள். சாதாரண ட்ரிப் சுவிட்ச் சிலவேளை காரணமில்லாமல் விழும். அதற்காக அதைக் கழற்றிவிடாதீர்கள், பொருத்தமான வகை ட்ரிப் சுவிட்சை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு போடுவியுங்கள். எளிய வழி ஒன்றரை அல்லது இரண்டு குதிரைவலுச் சிங்கிள் ஃபேஸ் மோட்டர் மாற்றுவது. லைன் நுனியில் வோல்ட் குறையும் ஊர்களில் அது உறுமிக்கொண்டு சூடேறும், மாலை நேரத்தில் வோல்ட்டை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தளம் நான்கு அங்குலக் கொங்கிறீட்டாவது இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் அடியில் மணல் என்பதால் நன்றாகத் தட்டி இறுக்கிய பிறகே ஊற்றுங்கள். இயந்திரத்தை வைத்ததும் ஸ்பிரிட் லெவலால் குறுக்காகவும் பாருங்கள், பெட் முறுகினால் கடைசல் கூம்பாகும்.

எந்த லேத்தாக இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப் பட்டறையில் சாரத்தோடு நிற்பது நம் பழக்கம். லேத்தின் முன் சாரம் வேண்டாம், தோளில் துவாய் வேண்டாம், கையுறையும் வேண்டாம். சுழலும் சக் துணியைப் பிடித்தால் கையை இழுக்க நேரம் இருக்காது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்ப்பதாக இருந்தால் முடியைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, சக்குக்கு நேரே நிற்காமல் பார்க்கட்டும்.

யாருக்கு எது

அவுட்போர்ட் வள்ளம், மோட்டார் சைக்கிள், வீட்டுப் பம்பு மட்டும் என்றால் லேத் வேண்டாம். அந்தப் பணத்தில் ஆறங்குல வைஸ், வேகம் குறைவாக ஓடும் மேசை ட்றில், தரமான டாப், டை செட், 0.02 மி.மீ. வெர்னியர், 0–25 மி.மீ. மைக்ரோமீற்றர் வாங்குங்கள். இலக்கத் திரையுள்ள வெர்னியரை விடக் கோடு போட்ட வெர்னியர் நம் ஊருக்கு நல்லது, பற்றறி வீடு துருப்பிடிக்கும் தொல்லை இல்லை. வெல்டிங் வேண்டுமென்றால் இன்வெர்டர் வெல்டிங் வீட்டுக் கரண்டுக்கு ஏற்றது, 2.5 மி.மீ. குச்சிக்கு 80 அம்பியர் அளவு போதும். 6013 குச்சி ஈரத்தை ஓரளவு பொறுக்கும், 7018 பொறுக்காது. எதுவானாலும் மூடி இறுகும் டின்னில் வையுங்கள்.

மாடிவீடு, வாடகை வீடு, சின்னப் பாகங்கள், பழகும் ஆசை என்றால் சிறு லேத், உதிரிப்பாகங்களோடு. உள்ளிணைந்த இஞ்சின் வள்ளமோ, உழவு இயந்திரமும் நெல்லடிக்கும் மெஷினும் பம்புகளும் சேர்ந்த கமமோ உள்ளவருக்கு, கொப்பியில் புஷ் வேலையும் ஷாஃப்ட் வேலையும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தால், பழைய பெரிய லேத். தனியாக வாங்க முடியாவிட்டால் அண்ணன் தம்பி, அயலவர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கி ஒருவர் வீட்டில் வைப்பதும் நல்ல யோசனை. ஆனால் யார் துடைத்து ஒயில் பூசுவது என்பதை முதல் நாளே பேசி முடிவெடுங்கள், பலரின் இயந்திரத்தை யாரும் துடைப்பதில்லை.

வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டால் கச்சான் மாதங்களில் கொண்டுவாருங்கள். பாதையும் முற்றமும் காய்ந்திருக்கும், இறக்குவது சுலபம். டெயில்ஸ்டொக்கைக் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். பாரத்தில் பெரும்பகுதி ஹெட்ஸ்டொக் பக்கம்தான் இருக்கும், சங்கிலி போடும்போது சாடிலைத் தள்ளிச் சமநிலை பாருங்கள். கைபிடிகளிலோ லீட் ஸ்குரூவிலோ கயிறு போட்டுத் தூக்கவே கூடாது. இறக்கியதும் இரும்புக் குழாய்களை உருளையாக வைத்துத் தள்ளலாம். அப்புறம் வாடை தொடங்குவதற்கு முன் பெட், ஸ்லைட், லீட் ஸ்குரூ எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, 68 தரச் சறுக்குவழி ஒயில் பூசி, பல்பையும் துணியையும் தயார் செய்துவிடுங்கள்.